நைட் முடிந்து வந்த காலை: புழல் சிறைக் காவலர் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

செங்குன்றம் போகும் ஜி.என்.டி. சாலையில் காவாங்கரையைத் தாண்டும் எந்தப் பேருந்தில் உட்கார்ந்தாலும் அந்த நீண்ட மதில் கண்ணில் படும். சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே 1837 முதல் இருந்த பழைய மத்தியச் சிறை 2006-ல் இங்கே இடம் மாறியது. பழைய கட்டடம் 2009-ல் இடிக்கப்பட்டது. இப்போது 200 ஏக்கருக்கு மேற்பட்ட ஒரே வளாகத்தில் தண்டனைக் கைதிகளுக்கு ஒரு சிறை, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. உள்ளே இருப்பவர்களைப் பற்றிச் செய்தி வராத வாரம் இல்லை. அவர்களைக் காவல் காப்பவர்கள் குடியிருப்பில் எப்படி வாழ்கிறார்கள், அவர்களில் ஒருவர் இறந்துவிட்டால் அந்த வீட்டில் அடுத்து என்ன நடக்கிறது என்பது மட்டும் வெளியே வருவதில்லை.

இந்த ஆய்வில் வரும் குடும்பம் ஒரு மாதிரிக் குடும்பம். தனியொருவரின் அடையாளம் இதில் கிடையாது. சிறைக் காவலர் குடும்பங்களில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரே வீட்டில் வைத்துப் பார்க்கிறோம். விதிகள், தொகைகள், அலுவலக நடைமுறைகள் எல்லாம் உள்ளபடியே.

காவலருக்கு வயது 39. சொந்த ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமம். சீருடைப் பணியாளர் தேர்வு எழுதி, 2009-ல் இரண்டாம் நிலைச் சிறைக் காவலராகச் சேர்ந்தபோது கல்யாணம் ஆகவில்லை. 2013-ல் திருமணம். மனைவி பிளஸ் டூ முடித்தவர், வயது 34. பையனுக்கு 11, பெண்ணுக்கு 8. காவலரின் அப்பா இப்போது இல்லை, அம்மா ஊரில் இருக்கிறார். இந்த விவரங்கள் ஒவ்வொன்றும் பின்னால் ஒரு காகிதத்தில் வந்து நிற்கும்.

அந்த இரவு

மாலை ஆறு மணிவாக்கில் லாக்கப். எண்ணிக்கை சரிபார்த்துத் தொகுதிகள் பூட்டப்பட்டதும் இரவுக் காவல் தொடங்கும். செல்போனை வெளியிலேயே வைத்துவிட்டுத்தான் காவலர் உள்ளே போக வேண்டும். கைதிகளிடம் போன் சேராமல் தடுப்பது சிறை நிர்வாகத்தின் பெரிய போராட்டங்களில் ஒன்று என்பதால், இந்தக் கட்டுப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதனால் வரும் ஒரு விளைவைக் குடும்பங்கள் யோசிப்பதில்லை. உள்ளே போனவரை வீட்டிலிருந்து கூப்பிட முடியாது. உள்ளே இருப்பவருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் வீட்டுக்குத் தெரியாது.

விடியற்காலை மூன்று மணிக்கு, பாரா நிற்கும்போது, நெஞ்சில் பாரம். இடது தாடை வரை இழுத்தது. சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை. ரிலீவர், அதாவது மாற்றுக் காவலர், வராமல் பாயிண்டை (காவல் நிற்கும் இடத்தை) விட்டு நகரக்கூடாது. நகர்ந்தால் மெமோ. சொல்லி அனுப்பலாம்தான், ஆனால் இரவில் ஆள் குறைவு, அவருக்குப் பதில் நிற்கப் போகிறவன் அப்போதுதான் நின்று முடித்துப் படுத்திருப்பான். சிறைக்குள்ளேயே மருத்துவமனை இருக்கிறது. கைதிக்கு நெஞ்சுவலி என்றால் இதே காவலர்தான் ஓடிப் போய் ஆளை எழுப்புவார். தனக்காக அந்தக் கதவைத் தட்டும் பழக்கம் காவலர்களிடம் இல்லை. "கேஸ் ட்ரபிள்தான்டா, காலையில சரியாயிடும்" என்று பக்கத்துப் பாயிண்ட்காரரிடம் சொன்னதோடு சரி.

காலையில் பணி மாறி, ஏழு மணிக்குக் குடியிருப்புக்கு வந்தார். பூட்ஸைக் கழற்றக் குனிய முடியவில்லை, பையன்தான் கழற்றினான். மனைவி ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். சோடா வாங்கி வந்தார்கள். படுக்க வைத்தார்கள். 108-க்கு அழைத்தபோது மணி எட்டு ஐந்து. மூலக்கடையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை. ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குள் ஆம்புலன்ஸ் நுழைந்து சிறிது நேரத்தில் உயிர் போய்விட்டது.

மூன்று மணியிலிருந்து எட்டு ஐந்து வரை ஐந்து மணி நேரம். மாரடைப்பில் ரத்தக் குழாய் அடைத்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போய்ச் சேர்ந்தால் இதயத் தசையின் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிடலாம். நேரம் ஆக ஆகத் தசை செத்துக்கொண்டே போகும். இங்கே அடுத்தடுத்து மூன்று இடங்களில் நேரம் போயிருக்கிறது: பாயிண்டில் சொல்லாதது, வீட்டில் வாயுத் தொல்லை என்று எண்ணியது, கிட்டத்தில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தை மறந்துபோனது. தமிழ்நாட்டில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் வேளை மருந்து தருகிறார்கள். ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் 2, குளோபிடோக்ரெல் 75 மில்லிகிராம் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் 8, ஆக மொத்தம் 14 மாத்திரை. மருத்துவர் பார்த்து அதைக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார். குடியிருப்பில் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் அடுப்படிச் சுவரில் நான்கு வரி ஒட்டியிருக்க வேண்டும்: நெஞ்சுப் பாரமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் வாயு என்று நினைக்காதே, படுக்க வைத்துக் காத்திருக்காதே, 108-ஐ அழை, நடக்க விடாதே. ஓமத் தண்ணீர் பிறகு.

உடம்பு ஏன் இந்த இடத்துக்கு வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2016 மாதிரி சிறைக் கையேடு ஆறு கைதிக்கு ஒரு காவலர் என்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் நாட்டுச் சிறைகளின் நிரம்பல் 131.4 சதவீதம். ஆள் பற்றாத ஒவ்வோர் இடத்திலும் நைட் டூட்டி அடுத்தடுத்து விழும். பகலில் குடியிருப்பில் தூங்க முடியாது: தண்ணி லாரி, பிள்ளைகள், காய்கறி வண்டி. நைட் முடித்தவர் பகலில் நான்கு மணி நேரம் தூங்குவதே பெரிது. இப்படிப் பல வருடம் போனால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். காவல் கோபுரத்தில் நிற்பவர் அடிக்கடி இறங்க வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைத்துக் குடிப்பார், அது சிறுநீரகத்தில் போய்க் கல்லாக நிற்கும். டீயும் பீடியும் தூக்கத்தை விரட்டும், பசியையும் சேர்த்து விரட்டும். இந்தக் காவலருக்கு ரத்த அழுத்தம் இருந்தது மனைவிக்குத் தெரியும். மாத்திரை தீர்ந்து இரண்டு மாதம் ஆனது தெரியாது.

சாவு வீட்டில் பக்கத்து வீடுகள்

இறந்த வீட்டில் அடுப்பு எரியாது. அந்த விஷயத்தில் குடியிருப்புப் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முதல் நாள் டீயும் பன்னும், அப்புறம் ஆள் முறை வைத்துச் சாப்பாடு. ஐஸ் பெட்டி, சாமியானா, நாற்காலி, எல்லாம் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். குறை வருவது மூன்றாம் நாள் பால் தெளித்த பிறகு. அன்றைக்கு ஊர்க்காரர்கள் வேன் ஏறிவிடுவார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுபடி கூட்டம் வரும். நடுவில் உள்ள பன்னிரண்டு நாளில்தான் அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல், பல் தேய்க்காமல், டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும். சாப்பாட்டு முறையை மூன்று நாளுக்குப் போடாமல் பதினாறு நாளுக்குப் போட வேண்டும். காலை டிபன் ஒரு வீடு, இரவுச் சாப்பாடு ஒரு வீடு என்று பிரித்தால் ஒரு வீட்டுக்கு இரண்டு முறைக்கு மேல் வராது. பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போக ஓர் ஆள் தனியாக. ஐந்தாம் நாளே அனுப்பிவிடலாம், தப்பில்லை. வகுப்பில் உட்கார்ந்திருப்பது வீட்டு அழுகையைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட அவர்களுக்கு நல்லது.

துக்கத்துக்கு வரும் சக காவலர்கள் எதைச் சொல்லக்கூடாது என்பதும் உண்டு. "அண்ணன் நேத்து நைட்டே நெஞ்சு வலின்னு சொன்னாரு, நாங்கதான் கண்டுக்கல" என்று மனைவியிடம் அழுதவர் நல்ல மனதோடுதான் அழுதார். அந்த ஒரு வரி அந்தப் பெண்ணை வருடக்கணக்கில் தூங்க விடாது. சொல்ல வேண்டியதை அதிகாரியிடம் எழுதிக் கொடுக்கலாம். வீட்டில் வேண்டாம்.

காகிதங்கள்

இரண்டாம் வாரத்தில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்தார்கள். உள்ளே கணவரின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, பணி நியமன ஆணை, மடித்து மடித்துக் கிழிந்த ஒரு நகைக்கடன் சீட்டு, பையனின் பிறப்புச் சான்றிதழ். பெண்ணின் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்காமல் விட்டிருந்தது. அவ்வளவுதான்.

முதலில் இறப்புச் சான்றிதழ். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். காவலர் குடியிருந்தது மாதவரம் மண்டலத்தில், இறந்தது ஸ்டான்லியில். எனவே மாதவரம் மண்டல அலுவலகத்தில் தேடினால் கிடைக்காது; மருத்துவமனை பதிவு செய்தபடி மாநகராட்சி இணையதளத்தில் எடுக்க வேண்டும். அதற்கும் முன்னால், மருத்துவமனையில் படிவம் நிரப்பும் அந்தக் குழப்பமான அரை மணி நேரத்தில், கையில் ஆதார் நகலோடு ஒருவர் நிதானமாக நின்று பெயரின் எழுத்தைப் பார்க்க வேண்டும். பணிப் பதிவேட்டில் ஒற்றை இனிஷியல், ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர், வங்கிக் கணக்கில் இரண்டும் சேர்ந்து என்று இருந்தால், பின்னால் ஒவ்வொரு மேசையிலும் 'இருவரும் ஒருவரே' என்று சான்று கேட்பார்கள். இந்த வீட்டில் அதற்கு மட்டும் மூன்று வாரம் போனது. 21 நாளுக்குள் பதிவு ஆகிவிட்டதா என்றும் உறுதி செய்துகொள்ள வேண்டும். தாமதமான பதிவு வேறு வழியில், வேறு அலைச்சலோடு நடக்கும்.

அடுத்து வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து, வட்டாட்சியரிடமிருந்து வரும். இந்துக் குடும்பத்தில் இறந்தவரின் தாயும் முதல் நிலை வாரிசு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மனைவி, பையன், பெண், கிராமத்தில் இருக்கும் அம்மா ஆகிய நால்வர் பெயரும் வர வேண்டும். அம்மாவை விட்டுவிட்டு விண்ணப்பித்தால் விசாரணையில் திரும்பிவிடும், அதைவிட மோசம் மாமியார் மனம் புண்படுவது. சென்னைக்கும் ஊருக்கும் நடுவில் அந்த அம்மாவின் கையெழுத்து இன்னும் பல காகிதங்களுக்கு வேண்டும். இன்று முகம் திருப்பிக்கொண்டால் நாளைக்கு எல்லாமே நிற்கும்.

பெரிய முடிச்சு, பணிப் பதிவேட்டில் நியமனதாரர் (நாமினி) பெயர் எழுதும் பக்கத்தில் இருந்தது. 2009-ல் சேர்ந்தபோது திருமணமாகாத பையன் நிரப்பிய படிவம், அம்மா பெயர். 2013-ல் கல்யாணம், 2014-ல் குழந்தை, பதினாறு வருட சர்வீஸ். அந்தப் பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. அலுவலகத்தில் எழுத்தர் பதிவேட்டைத் திருப்பிவிட்டுத் தயக்கத்தோடு சொல்கிறார்: "ஏம்மா, இதுல உங்க மாமியார் பேருதான் இருக்கு." மாமியார் நல்லவராக இருந்தால் ஒரு மாதம் தாமதம். நடுவில் ஒரு மைத்துனர் புகுந்தால் நீதிமன்றம். சிறை நிர்வாகமும் சங்கங்களும் காவலர் குடும்பங்களுக்குச் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தைச் சொல்லச் சொன்னால், வருடத்தில் ஒரு நாள் ஒவ்வொருவரும் தன் பணிப் பதிவேட்டின் நியமனப் பக்கத்தைத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது என்றுதான் சொல்ல வேண்டும். செலவு ஒன்றுமில்லை. சம்பளமும் விடுப்பும் இப்போது அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் செயலியில் இருக்கின்றன. குடும்ப விவரம் அங்கே சரியாக இருக்கிறதா என்று மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

எந்தத் தொகை எங்கிருந்து

அரசுப் பணியாளர் குடும்பப் பாதுகாப்பு நிதி: மாதம் 110 ரூபாய் பிடித்தம், பணியில் இறந்தால் 5 லட்சம். அதில் ஒரு பகுதியை ஈமச்சடங்குக்கு முன்பணமாக உடனே கேட்டு வாங்கலாம். கேட்டால்தான் கிடைக்கும்.

2003 ஏப்ரல் 1-க்குப் பின் சேர்ந்தவர் என்பதால் பங்களிப்பு ஓய்வூதியக் கணக்கு. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் 10 சதவீதம் பிடித்தம், அதே அளவு அரசுப் பங்கு, வட்டி. வருடாந்தரக் கணக்குத் தாளை எடுத்துப் பார்த்தால் நடுவில் சில மாதங்கள் காலியாக இருக்கும். மாறுதலில் போய் வந்த மாதங்கள் அவை. பிடித்தம் நடந்திருக்கும், வரவு ஏறியிருக்காது. அந்த மாதச் சம்பளப் பட்டியலின் நகலைக் காட்டித்தான் சேர்க்க வேண்டும். உயிரோடு இருப்பவர் ஒரு மனுவில் முடிப்பதை விதவை ஐந்து மனுவில் முடிக்கிறார். ஓய்வூதியத் திட்டம் குறித்த ஆணைகள் மாறிக்கொண்டே வருவதால், இறந்த தேதியில் எந்த ஆணை நடைமுறையில் இருந்தது என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கி வைப்பது நல்லது. அத்தோடு கணக்கில் இருக்கும் ஈட்டிய விடுப்புக்கு 240 நாள் வரை பணம், சிறப்புச் சேமநலநிதி.

சம்பளம் ஏறும் வங்கிக் கணக்கு தனி. 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு ஏழு வங்கிகளுடன் ஒப்பந்தம் போட்டது. அந்தச் சலுகைத் தொகுப்பில் உள்ள சம்பளக் கணக்குக்காரர் விபத்தில் இறந்தால் 1 கோடி, பணிக்காலத்தில் இயற்கையாக இறந்தால் 10 லட்சம் காப்பீடு. கணக்கு அந்தத் தொகுப்பு வகையில் மாற்றப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. பழைய சேமிப்புக் கணக்காகவே விட்டிருந்தால் வங்கி கையை விரிக்கலாம். இந்தக் காவலர் அதை மாற்றியிருந்தார், ஆனால் வீட்டில் சொல்லவில்லை. பாஸ்புக்கைப் பதிவு போட்டபோது இன்னொன்றும் தெரிந்தது: ஒவ்வொரு வருடமும் மே கடைசியில் 436 ரூபாய் கழிந்திருக்கிறது. அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, 2 லட்சம். எந்தக் காலத்திலோ வங்கிக் கவுன்டரில் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டு மறந்துபோனது. 20 ரூபாய் கழிந்திருந்தால் அது விபத்துக் காப்பீடு, மாரடைப்புக்குப் பொருந்தாது. இறந்தவரின் பாஸ்புக்கை மூன்று வருடத்துக்குப் பின்னோக்கி வரி வரியாகப் படிக்க ஓர் ஆள் உட்கார வேண்டும். குடியிருப்பில் வங்கி விஷயம் தெரிந்த ஒருவர் கட்டாயம் இருப்பார்; அவரிடம் கொடுக்கலாம்.

பேட்ச் வசூல், அதாவது கூடவே பணியில் சேர்ந்தவர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் திரட்டித் தருவது, சிறைத்துறையிலும் காவல்துறையிலும் நல்ல பழக்கம். ஆளுக்கு 500 ரூபாய் என்றால் 400 பேருக்கு 2 லட்சம். அதில் நடக்கும் பிழைகளும் ஒரே மாதிரிதான். காரியத்தன்று ரொக்கமாகக் கவரில் போட்டு, வீட்டில் பெரியவர் என்று இறந்தவரின் அண்ணன் கையில் கொடுப்பார்கள். காரியச் செலவு, பந்தல், வேன் வாடகை என்று அன்றே பாதி போய்விடும். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலோடு மனைவியின் பெயரிலேயே வங்கிக்கு அனுப்ப வேண்டும். கணக்கு இல்லை என்றால் திறக்கும் வரை இரண்டு பேர் பொறுப்பில் இருக்கட்டும்.

பெண்ணுக்கு வயது 8. பத்து வயதுக்குள் என்பதால் அஞ்சலகத்தில் செல்வமகள் கணக்கு திறக்க முடியும். குறைந்தது 250, வருடத்துக்கு அதிகபட்சம் 1.5 லட்சம். மாதச் செலவுக்கு அஞ்சலக மாத வருமானத் திட்டம்: ஒருவர் பெயரில் 9 லட்சம் வரை, 7.4 சதவீத வட்டியில் மாதம் 5,550. பெரிய வருமானம் கிடையாது. ஆனால் முதல் வருடத்தில் யாராவது வந்து, "அண்ணி, மாசம் நாலு வட்டி தர்றேன்" என்று சொல்வார்கள். அந்த வட்டியைவிட இந்த 5,550 பத்திரமானது.

கடன்காரர்கள்

கூட்டுறவுச் சங்கக் கடன், வங்கித் தனிநபர் கடன் இரண்டும் காகிதத்தில் இருக்கும். வங்கிக் கடனோடு காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும், பல முறை சேர்ந்திருக்கும். காகிதத்தில் இல்லாத கடன்தான் பயம். பதினாறாம் நாள் முடிந்ததும் மீட்டர் வட்டிக்காரர் வந்து, "நீங்க ஒரு புரோநோட்டுல கையெழுத்து மட்டும் போடுங்க" என்பார். போடவே கூடாது. கணவரின் கடனுக்கு, அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசு பொறுப்பு. மனைவி புதிதாகக் கையெழுத்துப் போட்டால் அது அவருடைய சொந்தக் கடன் ஆகிவிடும். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது, மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் தரலாம். குடியிருப்புச் சங்க ஆள் ஒருவர் உடன் போக வேண்டும்.

இதைக் காவலர் உயிரோடு இருக்கும்போதே பேச இன்னொரு காரணமும் உண்டு. விசாரணைக் கைதிகளில் பலர் வியாசர்பாடி, காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கத்து ஆட்கள். காவலர் வாழ்வதும் அதே வடசென்னையில். மூலக்கடை சிக்னலில், மார்க்கெட்டில், பள்ளி வாசலில் நேருக்கு நேர் பார்த்துக்கொள்கிறார்கள். எந்தக் காவலர் வீட்டில் கடன் கழுத்தை நெரிக்கிறது என்று வெளியே இருக்கும் கும்பலுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். ஒரு செல்போனோ ஒரு பொட்டலமோ உள்ளே கொண்டுபோகச் சொல்லி வருகிற கோரிக்கை முதலில் கடன் அடைக்கும் உதவியாகத்தான் வரும். காவலர் குடும்பத்துக்குக் குறைந்த வட்டியில் கடன் ஏற்பாடு செய்வதும் அந்தச் சிறையின் பாதுகாப்பு வேலைதான்.

வேலையும் வீடும்

கருணை அடிப்படையிலான வேலைக்கு இறந்த தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். 2023-ல் இதற்கென்று தனி விதிகள் வந்திருக்கின்றன. இந்த வீட்டில் மாமியாரின் ஆசை பேரனுக்கு வேலை: "அவன் பதினெட்டு ஆகட்டும், அப்பன் வேலை அவனுக்குத்தான்." பையனுக்கு 11. ஏழு வருடம் கழித்துப் போனால் கதவு மூடியிருக்கும். இப்படிக் காத்திருந்து வாய்ப்பை இழந்த குடும்பங்கள் நீதிமன்றம் வரை போய்த் திரும்பியிருக்கின்றன. பிளஸ் டூ படித்த மனைவி இளநிலை உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கத் தகுதி உள்ளவர். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, குடும்பத்தின் வறிய நிலை பற்றி வட்டாட்சியர் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மை. மறுபடி அந்த அம்மாவின் கையெழுத்து. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வராமல், நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். பின்னால் 'தேதிக்குள் வரவில்லை' என்று சொல்லப்பட்டால் அந்த ஒரு முத்திரைதான் பேசும்.

குடியிருப்பைக் காலி செய்யும் கெடுவை வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு வராதீர்கள். பிள்ளைகளின் கல்வியாண்டு முடியும் வரை இருக்க அனுமதி கேட்டு மனு, பள்ளிச் சான்றோடு. வெளியே வீடு பார்க்கும்போது சக காவலர் ஒருவர் கூடப் போவது உதவும். கணவன் இல்லாத பெண், ஜெயில் வேலைக் குடும்பம் என்று தட்டிக்கழிக்கும் வீட்டுக்காரர்கள் காவாங்கரையிலும் இருக்கிறார்கள், சூரப்பட்டிலும் இருக்கிறார்கள்.

மரியாதை

அமெரிக்காவில் 1984 முதல் மே மாதத்தில் ஒரு வாரத்தைச் சிறை அலுவலர்களுக்காகக் கொண்டாடுகிறார்கள். நம்மூரில் பொங்கலையொட்டி முதலமைச்சர் பதக்கம் காவல், தீயணைப்பு, சிறைத்துறைகளுக்கு அறிவிக்கப்படுகிறது. காவல்துறையில் ஆயிரக்கணக்கில், சிறைத்துறையில் அறுபது பேர் அளவில். அக்டோபர் 21-ல் காவலர் வீரவணக்க நாள். 1999 நவம்பரில் பழைய மத்தியச் சிறைக் கலவரத்தில் ஜெயக்குமார் என்ற சிறை அதிகாரி கொல்லப்பட்டதை அந்தக் காலத்து ஆட்கள் இன்றும் சொல்வார்கள். மாரடைப்பில் போனவருக்கு அப்படிப்பட்ட நினைவு நாள் எதுவும் இல்லை.

அவருக்குச் செய்யக்கூடியவை சின்னவை. உடலை ஊருக்கு எடுத்துப் போகும் வண்டி சிறையின் பிரதான வாயிலில் ஐந்து நிமிடம் நிற்கட்டும். அந்த நேரத்தில் பணியில் இருப்பவர்கள் தவிர மற்றவர்கள் சீருடையில் வரிசையாக நின்று வணக்கம் வைக்கட்டும். பிள்ளைகள் அதைப் பார்ப்பார்கள். இந்தக் குடும்பத்தில் பையன் ஊரில் எல்லோரிடமும் சொன்னது அதைத்தான். காசோலை கொடுப்பதை மேடையில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது வேண்டாம். வீட்டில் கொடுத்தால் போதும். அவருடைய தொப்பி, பெல்ட், விசில், நெஞ்சில் குத்தும் பெயர்ப்பட்டை ஆகியவற்றில், திருப்பி ஒப்படைக்க வேண்டியதைக் கணக்கெடுத்த பின், பெயர்ப்பட்டையைக் குடும்பத்திடமே விடக் கேட்கலாம். ஒரு வருடம் கழித்து நினைவு நாளன்று இரண்டு பேட்ச்காரர்கள் வீட்டுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வர வேண்டும். முதல் மாதம் எல்லோரும் போகிறார்கள். பதிமூன்றாம் மாதம் யாரும் போவதில்லை.

மனைவிக்குத் தூக்கம் வரவில்லை, பையன் பேசுவதில்லை என்றால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், பணம் இல்லை. மற்ற காவலர்களும் பேசலாம். 'எனக்கும் அன்னைக்கு நெஞ்சு வலிச்சுச்சு, சொல்லல' என்று நினைத்துக்கொண்டு அடுத்த நைட்டுக்குப் போகிறவர் குடியிருப்பில் நிச்சயம் ஒருவராவது இருப்பார்.

அந்த வீட்டிலிருந்து குடியிருப்பு எடுத்துக்கொண்டது

புது ஃபைல் ஒன்று, தண்ணீர் புகாத ஜிப் உறையில். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வடசென்னை வீடுகளில் நனைந்து கூழான சான்றிதழ்களை நினைத்துப் பரணில் வைக்கச் சொன்னார்கள். உள்ளே: பணிப் பதிவேட்டின் நியமனப் பக்க நகல், பங்களிப்பு ஓய்வூதியக் கணக்குத் தாள், சம்பளக் கணக்கு எந்த வகை என்று வங்கி எழுதிக் கொடுத்த தாள், காப்பீட்டு அட்டை, எல்லாப் பெயரும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்த ஒரு வெள்ளைத்தாள், கொடுத்த கடனும் வாங்கிய கடனும் சீட்டும். அட்டையின் உள்பக்கத்தில் சிறை வாயிலின் தொலைபேசி எண், பணியில் இருக்கும் அதிகாரியின் எண், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் வழி, ரத்த அழுத்த மாத்திரை தீரும் தேதி.

மாத்திரைத் தேதியை மட்டும் பென்சிலில் எழுத வேண்டும். மாதா மாதம் அழித்து எழுத வேண்டியது அது.